மீதிக் கணக்கு

ஹோய்மா ரேடியோவில் சொன்னார்கள்:
இந்த நாட்டில் சராசரி ஆயுள் அறுபத்துச் சொச்சம்.
பாயில் ஒருக்களித்துக் கிடந்த கெமிகிசா
விரல்விட்டு எண்ணினாள்.
அவளுக்கு நாற்பத்து மூன்று.
“மீதியை யார் தின்றது, சிஸ்டர்?”

பழைய தண்ணீர்ப் பாட்டிலைக் குலுக்கி
பச்சை மார்ஃபின் ஐந்து மில்லி அளந்தேன்.
கசப்பு.
சுளித்த முகத்தோடு வாசலைக் காட்டினாள்.
எதிர்வீட்டில் பியாருஹங்கா, தொண்ணூற்றொன்று,
சுட்ட சோளத்தை ஈறால் அரைத்துக்கொண்டிருந்தார்.
“அதோ, என் இருபது வருஷம்.”

யாரோ போய் அவரிடம் சொல்லிவிட்டார்கள்.
மறுநாள் முதல் அவர் நாற்காலி அவள் பக்கத்தில்.
ஈ விரட்டினார்.
புரட்டிப் படுக்கவைக்க எனக்குக் கை கொடுத்தார்.
கடன்பட்டவர் போல அதிகம் பேசவில்லை.
ஒருநாள் அவள் வட்டி கேட்டாள்;
பாதிச் சோளத்தை நீட்டினார்.
விழுங்க முடியாது. வாங்கி மோந்து பார்த்தாள்.

படிவத்தில் காரணம்: கருப்பைவாய்ப் புற்று.
வயதும் எழுதினேன்.
கடைசிப் பதினோரு இரவு
வலியில்லாமல் தூங்கினாள் என்பதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
மாவட்ட ஆபீசில் அடித்துவிடுவார்கள்.

சைக்கிளை எடுத்தபோது
கிழவர் காலிப் பாட்டிலைக் கேட்டார்.
மூன்று முறை கழுவிக் கொடுத்தேன்.
எதற்கென்று கேட்கவில்லை.