உள்கச்சான்

ஆடிக் கச்சான் வயல்வெளி கடந்து
வாவியில் இறங்கியும் ஈரம் தொடாமல்
செட்டிபாளையத்துக் கதவுகளை அடிக்கிறது.
அதற்கொரு நேரமிருக்கிறது.
பத்து மணிக்கு எழும்பும், அந்திக்கு அடங்கும்.
எனக்குள் அடிப்பதற்கு இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மஞ்சள் குளிசை.
ஐந்து வருடம் என்றார்கள். இது மூன்றாவது.
இரண்டு மணிக்கு முதுகுத்தண்டில்
யாரோ அடுப்பு மூட்டுவார்கள்.
கிணற்றடிக்குப் போய்
வாளியை இறக்காமல்
கயிற்றைப் பிடித்தபடி நிற்பேன்.
இடக்கையால் பாரம் இழுக்கக் கூடாது.
இடக்கையில் பிரஷர் பார்க்கக் கூடாது,
ஊசி போடக் கூடாது,
நுளம்பு கடிக்கக் கூடாது.
இதை நுளம்புக்கு யார் சொல்வது?

வீங்கிய கையிலிருந்து கலியாணக் காப்பை
நகைக்கடையில் அறுத்துத்தான் எடுத்தார்கள்.
பொன்னை நிறுத்துத் தந்தான் கடைக்காரன்.
என்னிடமிருந்து அறுத்தவற்றில்
நிறுத்துத் தந்தது அது ஒன்றுதான்.

விடியலில் விரல்கள் என்னுடையவை அல்ல.
சுடுதண்ணியில் ஊறவைத்து எடுத்தால்தான்
தபால் முத்திரை பிடிக்க வரும்.
சேலைக்கு ஊசி குத்துவது அருளம்பலம்.
கல்லடுக்கும் கை
இத்தனூண்டு ஊசிக்கு நடுங்குகிறது.
பிறகு இரண்டடி பின்னால் போய்
நூல் பிடித்துச் சுவர் பார்க்கும் கண்ணால்
என் இரு தோளையும் பார்த்து
"மட்டம் சரி" என்பார்.

மட்டம் சரியாக்கியது ஒரு பை.
கொழும்பில் சிலிக்கனில் விற்கிறார்களாம்,
இரண்டு மாதச் சம்பளம்.
நான் தைத்தது பழைய நூல்சேலைத் துண்டில்.
உள்ளே முந்நூறு கிராம் பயறு.

கவுண்டருக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்,
"இப்ப சுகம்தானே?"
சுகம் ஏதோ ஓர் ஊர்போலவும்
பஸ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது போலவும்.
ஓம் என்று முத்திரை குத்துகிறேன்.

கிளினிக் நாளில் மட்டும் அப்படி யாரும் கேட்பதில்லை.
காத்தான்குடியில் ஏறும் ஹிதாயா
சீட்டில் சாய்வதற்குள்
"இண்டைக்கு எந்த மூட்டு?" என்பாள்.
அவளுக்கு எலும்புக் குளிசையும் உண்டு, கிழமைக்கு ஒன்று,
குடித்தபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது.
"சுபஹு தொழுதிட்டு அப்படியே இருக்கன் கா,
புருஷன் நினைக்கிறார்
எனக்கு ஈமான் கூடிட்டெண்டு."

போன மாதம் ஒரு பின்னேரம்
பையைக் கழற்றினேன்.
வேர்வை நாளெல்லாம் ஊறி
தையலுக்கூடாக
வெள்ளையாய் ஒரு வால்.
பிரித்துப் பார்த்தால் நூறு வால்.

முளைத்திருக்கிறது.

இந்தச் சொல்லை ஒருதரம்
ஸ்கேன் அறை வாசலில் கேட்டவள் நான்.
கட்டிலில் இருந்துவிட்டேன்.
கை நடுங்கியது; விரல் நோகவும் செய்தது,
இரண்டும் வேறு வேறு என்று
அப்போதும் தெரிந்தது.
நம்பிக்கை, துளிர் என்று
யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்
ஒருவருக்கும் காட்டவில்லை.
கோழிக்குப் போட்டேன்.
கோழி யோசிக்காமல் தின்றது.

ஹிதாயாவுக்கு மட்டும் சொன்னேன்.
கல்லடிப் பாலம் முடியும்வரை
முக்காடு நழுவச் சிரித்தாள்.
பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு,
"வறுத்துப் போடுங்க கா.
வறுத்தா முளைக்காது."

வறுத்தேன். ஆறவிட்டேன். தைத்தேன்.

இன்று பதினொன்றரைக்கு
வெளியே கச்சான், உள்ளே கச்சான்.
காற்றாடி மற்றப் பக்கம் திரும்பியிருந்த நேரம்.
கழுத்து எரிந்தது, கைக்குப் போட்ட இறுக்குறை
தோலோடு ஒட்டியது,
என் சட்டைக்குள்ளிருந்து மெல்ல எழும்பிற்று
வறுத்த பயற்றின் வாசம்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை உயர்த்தி
மூக்கைச் சுளித்துப் பார்த்தார்.
"ஆரு இஞ்ச
பயற்றம்பணியாரம் கொண்டந்தது?"

நான் அடுத்த பார்சலை வாங்கி
வலக்கையால்
தராசில் வைத்தேன்.