பதினைந்தாவது ஆள்

ஏழு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தோம்.
ஏழே காலுக்குள்
பனி வாரும் வண்டிகளுக்கு வழிவிட்டு
பூட்ஸை உதறி உதறி மாடியேறியவர்கள்
பதினான்கு பேர்.

சட்பரி நிலவியலாளர் சங்கம்
கர்லிங் கிளப்பின் மாடியில்தான் கூடும்.
வாடகை கிடையாது. கீழே பார் இருக்கிறது.
உறைதரையில் கல் வழுக்கிப் போகும் சத்தம்
பலகை வழியே உள்ளங்காலுக்கு வரும்.
அந்தக் கல் ஸ்காட்லாந்துக் கடலில்
ஒரு சின்னத் தீவிலிருந்து வந்தது.
புதியவர் யாரிடமாவது அதை
முதலில் சொல்வது யார் என்று எங்களுக்குள் போட்டி.
மூன்று வருடமாக இந்தப் படியில்
புதியவர் யாரும் ஏறவில்லை.

அன்றைய பொருள் ஒன்றே ஒன்று:
சங்கத்தைக் கலைத்து
டொராண்டோவின் பெரிய சங்கத்தோடு சேர்ப்பது.
தட்டச்சு செய்தவள் நான். செயலாளர், பதினோரு வருடம்.
"இணைதல்" என்று அடித்து, அழித்து, "கலைதல்" என்று அடித்து,
மறுபடி "இணைதல்" என்றே விட்டுவிட்டேன்.

பொருளாளர் ரெஜான் திபோ எழுந்தார்.
வங்கியில் அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
களப்பயணக் காப்பீடு மட்டும் தொள்ளாயிரம்.
யாராவது வழுக்கி விழுந்தால்?
யாரும் விழுந்ததில்லை என்றாள் ஐலி.
நீதான் விழுந்தாய், தொண்ணூற்றெட்டில்.
நான் உட்கார்ந்தேன், என்றாள்.
அதையும் குறிப்பில் எழுதினேன்.

ஐலி, நிக்கல் சுரங்கத்தில் முப்பது வருடம்
துளைத்தெடுத்த கல்லுருளைகளை
மைல் கணக்கில் படித்தவள்.
இரண்டு பக்கத் தீர்மானத்துக்குப் பொறுமையில்லை.
"நூற்று எண்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன்
வானத்திலிருந்து ஒரு மலை இங்கே விழுந்தது.
யாரும் முன்மொழியவில்லை, வழிமொழியவில்லை.
சீக்கிரம் முடியுங்கள்."

விழுந்தது விண்கல்லா வால்மீனா என்று
அதிலிருந்து இருபது நிமிடம்.
ரெஜான் தன் காப்பீட்டை மறந்து
காகிதக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார்,
அதிர்ச்சி பாய்ந்த பாறை கூம்பு கூம்பாய்ப் பிளக்குமே,
அதன் நுனி எந்தப் பக்கம் பார்க்கும் என்று.
குவளையில் காப்பி இருந்தது.

மேஜையைத் துடைத்த பின்
தலைவர் விதிப்புத்தகத்தைத் திறந்தார்.
பிரிவு ஒன்பது. கலைப்பதற்குப் பதினைந்து பேர், நேரில்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
கோட்டு மாட்டியிருந்த நாற்காலியையும்
ஒரு தரம் சேர்த்துப் பார்த்தார்.
"பட்டியலில் வேறு யாராவது ஊரில் உண்டா?"

பட்டியல் என் மடியில்.
இருபத்திரண்டாவது பெயர் நார்மான் பெல்த்தியே, பல் மருத்துவர்.
போன கோடையில் எங்களோடு குன்றேறி
கறுத்த பாறையில் கைவைத்து
"இது கல்லா, புகையா?" என்றவர்.
இரண்டும்தான் என்றேன்.
உருக்காலைப் புகை படிந்து படிந்து ஏறிய கறுப்பு.
சுரண்டிக் காட்டினேன்; உள்ளே வெளிறிய ரோஜா நிறம்.
நாற்பது டாலரை அங்கேயே எண்ணிக் கொடுத்தார்.
முழு உறுப்பினர். வாக்குரிமை உண்டு.

கீழே, என் நாற்காலிக்கு நேர் கீழே,
"தேய்! தேய்! இன்னும் தேய்!"
என்று கத்திக்கொண்டிருந்தது அவர் குரல்.

யாரும் இல்லை என்றேன்.

ஐலி என்னைப் பார்த்தாள்.
அன்று அவருக்குச் சுத்தியல் இரவல் கொடுத்தவள் அவள்.
குனிந்து, இறுகியே இருந்த பூட்ஸ் கயிற்றை
மெதுவாக இறுக்கினாள்.

போதிய வருகை இன்மையால்
மே மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது, என்று எழுதினேன்.
பொய் ஒன்றுமில்லை அதில்.
இரண்டு அடுக்குக்கு நடுவே எதுவும் படியாத காலம்
பாறையில் வெறும் கோடாகத்தான் தெரியும்.
கோட்டுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால்
நாங்கள் தோளைக் குலுக்குவோம்.

பாரில் பெல்த்தியே, கையில் துடைப்பத்தோடு,
வென்ற முகம். மேலே என்ன முடிவாயிற்று என்றார்.
அவசரமாக நான்
நீங்கள் ஆடும் கல் ஒரு தீவிலிருந்து வந்தது தெரியுமா என்றேன்.
கர்லிங் ஆடுகிறவனிடமா கேட்கிறீர்கள், என்று சிரித்தார்.

வயது தெரியுமா, என்றாள் ஐலி.
தெரியாது.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.