சொல்லுக்கு எட்டு ரூபா

கிராண்ட்பாஸில் தேயிலைக் கம்பனி, இரண்டாம் மாடி.
மும்மொழிப் பெட்டிக்குத் தமிழ் எழுதுவது என் வேலை.
சொல்லுக்கு எட்டு ரூபா,
இலக்கங்களுக்குக் காசில்லை.
இன்றைக்கு வந்த தாளில்
ஒன்பது இடத்தில் ஒரே சொல்:
பிளென்ட்.

தில்ருக்ஷி சிங்களத்தை ஐந்தே நிமிடத்தில்
முடித்துவிட்டு நகத்துக்குப் பூச்சு பூசுகிறாள்.

கலவை என்று எழுதிக் கொடுத்தேன்.
"சீமெந்து விக்கிறமா நாங்க?" என்றார்
விற்பனைப் பிரிவு ருஷ்டி.
சொல்லிவைத்தாற்போல் கீழே
ஒரு ரெடிமிக்ஸ் லொறி
வயிற்றைச் சுழற்றிக்கொண்டு போனது.

கலப்பு என்று மாற்றினேன்.
"கலப்படம் மாதிரிக் கேக்குது. வேற பாருங்க."

வேறு எங்கே பார்ப்பது?
ஆங்கிலத்துக்கு வசதி அதிகம்.
பஞ்சிகாவத்தையில் தொங்கும் சில்லு அலோய்.
லீசிங்கில் ஓடும் கார் ஹைபிரிட்.
கறுவாத்தோட்டத்து வீட்டுக்குள் கிடந்தால் கிராஸ்,
அதே நாய் மதிலுக்கு வெளியே படுத்தால் மொங்ரல்.
ஒவ்வொரு கூடலுக்கும் தனிப் பீங்கான்,
ஒன்றின் கறை மற்றதில் ஒட்டாது.
மிக்சர் மட்டும் கொஞ்சம் நம்மைப்போல:
போத்தல் கொண்டுபோனால்
டிஸ்பென்சரியில் சிவப்பாய் ஊற்றித் தந்ததும் அதுதான்,
காலிமுகத்திடலில் கடதாசிச் சுருளுக்குள்
நறுக்கென்று கடிபடுவதும் அதுதான்.

எங்களுக்கு ஒரே சட்டி.
கல.
சாந்து அதில்தான் குழைகிறது,
பாலில் தண்ணீரும் அதில்தான்.
கலங்கிய கண், கலங்கிய களனி கங்கை,
தமிழ் ரீச்சர் பக்கத்தை
அவசரமாகப் புரட்டிய கலவி.
பிறகு அந்தச் சொல்.
வேர் அதுவோ இல்லையோ, பக்கம் அதே பக்கம்.
அப்பா ஆண்டை மட்டும் சொல்லுவார்,
சொல்லைச் சொல்லமாட்டார்.
பஸ்ஸில் யாராவது சொன்னால்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கலவரம், கலவன், கலவி:
அகராதியில் வரிசை இது.
நடுவில் நிற்கும் கலவனில்தான் நான் படித்தேன்,
அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை.
பெயர்ப்பலகையில் க-வுக்குக் கால்வாசி மை உரிந்திருந்தது.
பெடியன்கள் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம்,
நடுவில் ஒரு வாங்கு இடைவெளி.

சுவை பார்க்கும் அறைக்குள் எட்டிப்பார்த்தேன்.
நாற்பது கோப்பை. அபேகோன்
உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி,
பித்தளைக் குடுவையில் துப்பிக்கொண்டே போகிறான்.
மணத்துக்கு டிம்புல, நிறத்துக்கு ருஹுணு,
நாக்கின் ஓரத்தைக் கிள்ளுவதற்கு ஊவா.
ஏன் கலக்கிறாய் என்று கேட்டேன்.
மழை வருசத்துக்கு வருசம் மாறுதே அக்கா,
பெட்டி மாறக்கூடாதே, என்றான்.
எனக்கு இதுவரை தோன்றவில்லை:
இத்தனை மலையையும் ஒன்றாய்க் கொட்டுவது
எதுவும் வேறாகத் தெரியாமல் இருக்கத்தான்.

சேர்மானம். கூட்டு. இணைவு. சங்கமம்.
ஒன்று நாட்டுமருந்து, ஒன்று பூசணிக்காய்,
ஒன்று வங்கி, ஒன்று கல்யாண மண்டபம்.
ஐந்து மணிக்கு ருஷ்டி கைவிட்டார்:
"பிளென்ட் என்டே தமிழ் எழுத்தில போடுங்க."
மொழிபெயர்க்காத சொல்லுக்குக் காசில்லை.
ஒன்பது எட்டு எழுபத்திரண்டு.

155 வரும்வரை சந்திக் கடையில் நின்றேன்.
எந்தத் தோட்டத்தில் கூட்டியதோ தெரியாத தூள்,
இடித்த இஞ்சி, நேற்றைய சாயத்தில் கொஞ்சம்.
பெயர் என்னவோ பிளேன்ரீ.
கடைக்காரப் பெடியன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி
சத்தமாய்க் கேட்டான், தெருவுக்கே கேட்க:
"சீனி கலக்கவா?"

கலக்கு, என்றேன்.
நல்லாக் கலக்கு.