பொருள்:

மனுவின் தலையில் நான் முதலில் எழுதுவது
‘பொருள்:’
காசுக்கும் அதே சொல், அர்த்தத்துக்கும் அதே சொல்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் அதற்கு இரண்டுமில்லை,
குடிநீர் வேண்டுதல் தொடர்பாக.

திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள்.
மதில் ஓரம் புங்கமரத்தடியில்
பிளாஸ்டிக் ஸ்டூல், மடியில் பரீட்சை அட்டை,
இரண்டு நீலப் பேனா, ஒரு கார்பன் தாள்.
மனுவுக்கு ஐம்பது ரூபாய்.
முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல்,
ஓடிப்போன மருமகன்,
எல்லோருக்கும் ‘உயர்திரு’ ஒன்றுதான்,
‘பணிவுடன் வேண்டுகிறேன்’ ஒன்றுதான்.
பன்னிரண்டு வருஷத்தில் அதில் ஒரு வாக்கியம்கூட
என்னுடையது என்று நினைத்ததில்லை.

ராத்திரி செல்லூர் வீட்டில் எழுதுவதுதான் என்னுடையது.
அதை யாரும் கேட்டதில்லை.
கேட்காததாலேயே அது சுத்தம் என்று ஒரு கர்வம்.

சித்திரை முடிந்த வாரம்
உசிலம்பட்டிக்குத் தெற்கேயிருந்து ஒச்சம்மாள் வந்தாள்.
நாற்பதுக்குப் பேசி முடித்தாள்.
பிறகு சொன்னாள்:
“கொழாயத் தொறந்தா தண்ணி வராதுய்யா.
தண்ணி வர்ற சத்தம் மட்டும் வரும்.
அந்தச் சத்தத்துக்குக் கீழ கொடத்த வச்சுட்டுத்தான்
வேலைக்குப் போறேன்.”

நான் எழுதினேன்:
‘கடந்த எட்டு மாதங்களாக எங்கள் தெருவில்
குடிநீர் விநியோகம் சீராக இல்லை.’
கைநாட்டு வைத்துப் போனாள்.

அவள் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
மூன்று இரவு. எழுதி எழுதி அடித்தேன்.
கடைசியில் அவள் சொன்னது மட்டும் மிஞ்சியது,
மேலே என் பெயர்.

சிறு பத்திரிகை. முப்பத்தேழாம் பக்கம்.
சன்மானம் கிடையாது, இரண்டு பிரதி தபாலில்.
கீழமாசி வீதியில் வத்தல் மண்டி மாடியில்
பதினான்கு பேர் கூட்டத்தில் வாசித்தேன்.
அந்த வரி வந்தபோது
அவ்வளவு மிளகாய் நெடியிலும் ஒருவரும் இருமவில்லை.
ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு எழுதும் தெய்வேந்திரன் மட்டும்
படியிறங்கும்போது கேட்டார்:
“எங்கருந்து பிடிச்சீங்க அத?
எங்க முதலாளின்னா ரெண்டாயிரம் குடுப்பாரு.”
“வந்துச்சு” என்றேன்.

தண்ணீர் வராத தெருவிலிருந்து
எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

ஆவணியில் மறுபடி ஒச்சம்மாள்.
நாலு நாள் வந்ததாம், அப்புறம் பழையபடி.
“போன தடவ நான் சொன்னத எழுதுனீங்கள்ல?”
“எழுதினேன்.”
பொய்யில்லை.

இந்த முறை மனுவிலேயே எழுதினேன்,
சத்தம், குடம், வேலைக்குப் போவது, எல்லாம்.
வாசித்துக் காட்டினேன்.
இன்னொரு தடவை என்றாள்.
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோல்
தலை சாய்த்துக் கேட்டாள்.
“நல்லாத்தான் இருக்கு.
ஆபீசரு சிரிச்சுட்டு வச்சிருவாரு. அத எடுத்துருங்க.
எட்டு மாசம்னு ஒன்னு இருந்துச்சே,
அதப் பதினொன்னாக்குங்க.”

அடித்தல் இருந்தால் உள்ளே வாங்கமாட்டார்கள்.
புதுத் தாளில் முதலிலிருந்து எழுதினேன்,
அவளுடைய வரி இல்லாமல்.

“காசு வேணாம், போங்க.”
ஏன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அவள் முகம் சுருங்கிவிட்டது.
“சும்மா எழுதுன மனு நிக்காதுய்யா.”
அட்டையின் கிளிப்பில் செருகினாள்
வியர்வையில் ஊறிய நாலு பத்து ரூபாய்.

அவள் போய் வரிசையில் நின்றாள்.
அடுத்த ஆள் ஏற்கெனவே குந்தியிருந்தார். பட்டா மாறுதல்.
காசை எடுக்கவில்லை.
அதன் மேலேயே புதுத் தாளை வைத்து
‘பொருள்:’ என்று எழுதினேன்.
பேனா மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கியது.