விதி ஏழு

இரவு ஒன்றே முக்கால். நீடாமங்கலத்தில்
கரண்ட் போய் வந்ததில் நாற்பத்தொன்றாம் குறிப்பு
நாற்பதின் முதுகில் ஏறிக்கொண்டது.

இதழுக்குக் குடும்பப்பெயர் முதலில் வேண்டும்,
காற்புள்ளி, பிறகு முதலெழுத்து.
அரிசி மில்லில் சாக்கு தைத்த அப்பா ஜமால்
மூன்று கட்டுரை எழுதியவர் ஆகிவிட்டார்.
நான் அவர் பின்னால் ஒரு 'ந', ஒரு புள்ளி.

என் எண்கள் எல்லாம் லஸ்கர் அடைக்கலத்தின் டயரி.
மூணாறு தலைப்பில் பதினோரு வருஷம்,
காலை ஆறு மணிக்கு நீர்மட்டம்,
எந்த ஷட்டர் எத்தனை திருகு,
ஓரத்தில் பால் பாக்கி.
பதிப்பகம்? பொதுப்பணித்துறை கொடுத்த கோடு போட்ட நோட்டு.
பக்க எண்? கரையான் விட்டுவைத்த வரை.
வாய்மொழித் தகவல் பட்டியலில் சேராது என்கிறது
விதி ஏழு.

சாயங்காலம் போனில் கேட்டேன்,
உங்கள் பேரை எப்படிப் போடட்டும்?
"ஜூலை பதினாலுக்கு என்ன போட்டீங்க?
ஏழா? அது ஒண்ணுங்க.
அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், தலை சாஞ்சிருச்சு."

அட்டவணை இரண்டு சரிகிறது.
முடிவுரையில் 'தெளிவாக' என்ற சொல்லை அழிக்கிறேன்.

நாற்பத்திரண்டு: அடைக்கலம்,
காற்புள்ளிக்குப் பிறகு என்ன என்று
அவரிடம் கேட்க மறந்துவிட்டேன்.