ஆறு தசம் ஐந்து

மல்லாவியில் கரண்ட் வந்த நேரம் பார்த்து
அயன்பெட்டியைச் சூடாக்கினேன்.
பட்டுச்சேலைக்கு வைக்கிற சூடுதான், கூட வேண்டாம் என்று
ஸ்காபரோவிலிருந்து பிரணவரூபன் இரண்டுதரம் சொன்னான்.
எண்ணெய்த்தாள், முகமூடி வீரன், எண்ணெய்த்தாள்.
மேலே இரவு முழுக்க இரண்டு சீமெந்துக்கல்.

நடுமடிப்புப் போனால் எட்டு.
போகாவிட்டால் ஆறு தசம் ஐந்து.
இடையில் நிற்கிற காசுக்கு
ஒரு தண்ணிப்பம்பு வாங்கலாம்.
"அமத்தினதெண்டு ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது."

விடிய எடுத்தேன்.
மூலைகள் படுத்திருந்தன,
ஈரத்தில் நெளிந்த முதுகும்.
வீரனின் நெஞ்சுக்குக் குறுக்கே மட்டும்
மை உதிர்ந்த வெள்ளைக்கோடு.
தாள் வழிக்கு வரும். மை வராது.

"ஆரடா இப்பிடி இரண்டாய் மடிச்சது?"

சாரத்துக்குள் செருகிக்கொண்டு
மாத்தளன்வரை நடந்த இடுப்பு
கதிரையில் சாய்ந்திருந்தது.

முந்தி வைத்திருந்தவன்,
என்று எழுதினேன்.