பெயரடை நீக்குபவன்

நியூ ஹாம்ப்ஷயரில்
சட்டமன்ற உறுப்பினருக்குச் சம்பளம்
ஆண்டுக்கு நூறு டாலர்.
ஒரு ஜோடி பனிச்சப்பாத்துகூட வாங்க முடியாது.
ஒடெட் பெலாஞ்சே அந்தக் காசோலையை மாற்றி
வாசலில் உப்புத் தூவும் பையனிடம்
அப்படியே கொடுத்துவிடுவார்.
அவருக்குச் சோறு போட்டவை கொலைக்கதைகள்.
அதுவும் அரை வயிறு.

நான் வரைவுப் பிரிவில் மெய்ப்புப் பார்க்கிறவன்.
நானூறு பேர் கொண்டுவரும் மசோதாக்களில்
பெயரடைகளைக் களைவது என் பிழைப்பு.
அவருடைய முதல் மசோதாவில்
‘துயரம் மிகுந்த மதகு’ என்றிருந்தது.
அடித்தேன்.
‘நள்ளிரவில் யாரும் அறியாமல் பெருகும்’.
அடித்தேன்.
மூன்று மாடி ஏறி வந்தார்,
மூச்சு வாங்க, கோட்டில் இன்னும் பனி.
"அந்த மதகைப் பார்த்ததுண்டா நீங்கள்?"
இல்லை என்றேன்.
"பார்த்தால் சொல்லுங்கள், வேறு என்ன சொல் போடலாம் என்று."
சட்டம் துயரப்படாது, மேடம்.
"அதுதானே கோளாறு" என்று
என் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
திரும்பி வரவேயில்லை, பென்சில்.

மதகு குழுவிலேயே செத்தது.
பதினேழு பேரைக் கச்சிதமாகக் கொன்றவருக்கு
ஒரு மசோதாவுக்கு உயிர் கொடுக்கத் தெரியவில்லையே என்று
உணவகத்தில் சிரித்தார்கள்.
அவரும் சிரித்தார், சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி.
நிகழ்ச்சி நிரல்களின் பின்பக்கத்தில்
அத்தியாயங்கள் எழுதினார்.
மீன்வளக் குழு என்றால் ஒரு பக்கம்,
நிதிக் குழு என்றால் ஆறு.

கிணற்றுநீர் மசோதா அவருடையதல்ல.
எதிர்க்கட்சி மாட்டுப்பண்ணைக்காரர்
வென்டல் குரோக்கெட் கொண்டுவந்தது.
எங்கள் பாறைக்குள் ஆர்செனிக் இருக்கிறது.
நிறமில்லை, மணமில்லை,
தேநீரில் கலந்தாலும் தெரியாது
(மூன்றாம் நாவல், கடைசிக்கு முந்தைய அத்தியாயம்).
‘வீட்டை விற்பவர் நீரைச் சோதிக்கலாம்’
என்றது நான்காம் வரி.
எல்லோரும் கொட்டாவி விட்ட நேரத்தில்
ஒடெட் எழுந்தார்.
‘சோதிக்கலாம்’ வேண்டாம், ‘சோதிக்க வேண்டும்’ என்று போடுங்கள்.
"என் கொலைகாரர்கள் எல்லாரும்
‘லாம்’ வழியாகத்தான் தப்பிக்கிறார்கள்."
உட்கார்ந்துவிட்டார்.
நூற்று எழுபத்தொன்பது, நூற்று எழுபத்தாறு.
நிறைவேறியது.

எட்டு ஆண்டு. ஒரு வினைமுற்று.
சட்டப் புத்தகத்தில்
எழுதியவர் பெயர் போடுவதில்லை.

அடுத்த தேர்தலில் வீட்டுத் தரகர்கள்
அவருக்கு எதிராகப் பலகை நட்டார்கள்.
பதினோரு வாக்கில் தோற்றார்.
கணவாய் தாண்டி வடக்கே போனவர்
ஒன்றரை ஆண்டு சத்தமே இல்லை.
பிறகு தபாலில் ஒரு நாவல்.
மூன்றாம் அத்தியாயத்தில்
அரசு அலுவலகம் ஒன்றின் மூன்றாம் மாடியில்
மெய்ப்புப் பார்ப்பவன் ஒருவன் செத்துக் கிடக்கிறான்.
என் மூக்குக்கண்ணாடி. என் வழுக்கை.
கையில், பல்தடம் பதிந்த என் பென்சில்.
அந்த ஒரு பத்தியில்
பதினான்கு பெயரடைகள்.
எண்ணினேன். ஒன்றையும் தொடவில்லை.

சனிக்கிழமை வண்டியெடுத்துக்கொண்டு
அந்த மதகைப் பார்க்கப் போனேன்.
இரண்டடிக் குழாய்.
ஒரு வாயில் கடைத் தள்ளுவண்டி சிக்கியிருந்தது.
தண்ணீர் சாலையேறி
யாரோ ஒருவரின் தபால்பெட்டிக் காலைச்
சுற்றிக்கொண்டு போனது.
வெகுநேரம் நின்றேன்.
சொல் எதுவும் தோன்றவில்லை,
அவர் போட்டதைத் தவிர.